குப்பைத் தொட்டியில் போட்ட கல்யாணக் கார்டு

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கடை ஒன்று, பெயர்ப்பலகை இரண்டு. முன்பாதி 'ரமணி டெய்லரிங்'. ரமணி நான்தான். பின்பாதி 'வதி கிராபிக்ஸ்'. அது புனிதவதி. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. நான் தையல் மிஷினில் உட்கார்ந்தால் என் கண் உயரத்துக்கு வரும்படி அந்தத் தடுப்பில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி வைத்திருக்கிறேன். காற்று வருவதற்காக என்று அவளிடம் சொன்னேன். காற்றும் வந்தது.

அந்த ஜன்னல் வழியாகக் கிடைத்த கதைதான் இது. பாதி கண்ணில் பட்டது, பாதி காதில் விழுந்தது. இன்னொரு பாதி இருக்குமானால், அது நானே மூக்கை நுழைத்துத் தெரிந்துகொண்டது.

புனிதவதி யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வே ஆபீசில் பெரிய கிராணி, அதாவது குமாஸ்தா. அண்ணன்மார் ஆளுக்கொரு தேசத்துக்குப் போய்விட, கடைசிப் பெண்ணான இவள்தான் அப்பாவோடு தங்கினாள். வந்த மாப்பிள்ளைகளில் ஒருவனுக்குக் காது பெரிது, ஒருவனுக்குச் சம்பளம் சிறிது, ஒருவன் பல் தெரியச் சிரித்தான் என்று அப்பா ஒவ்வொரு நொட்டை சொல்லிக் கழித்தார். கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குள் மாப்பிள்ளைகளும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பத்திரிகைக் கம்பெனியில் அவள் பக்கம் அமைக்கும் வேலை பார்த்தாள். கம்பெனியை மூடும்போது நாற்காலி மேசையெல்லாம் விற்றார்கள். எல்லோரும் நாற்காலி எடுக்க, இவள் தான் வேலை செய்த கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். மெக்கிண்டாஷ். அவள் 'மெக்' என்பாள். குழந்தையைக் கூப்பிடுகிற குரலில்தான் சொல்வாள். என்னிடம் பட்டு ரவிக்கை தைத்த மிச்சத் துணி வாங்கி அதற்கு உறை போட்டாள். ஆயுத பூஜைக்கு அதன் மவுஸுக்கு ஒரே ஒரு பொட்டு வைப்பாள், ஏனென்றால் அந்த மவுஸுக்கு ஒரே ஒரு பட்டன்தான். அந்தப் பொட்டு அழியாமலிருக்கப் பட்டனின் ஓரத்தில் விரல் வைத்து வேலை செய்வாள். நான் சிரித்தால் முறைப்பாள்.

அந்த மெக்கில்தான் கல்யாணக் கார்டுகள். காஜாங்கில் கல்யாணமானாலும் சரி, சுங்கை பூலோவில் ஆனாலும் சரி, 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்பதை அடித்தவள் இவளாகத்தான் இருப்பாள். ஊரிலிருக்கும் பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை பெயரைப் பக்கத்தில் வைத்து அழகு பார்த்தவள், தன் பெயரை ஒரு கார்டிலும் போட்டதில்லை. எனக்கு அதை நினைத்தால் வயிறு எரியும். அவளிடம் சொன்னால், "அதுக்கென்ன ரமணி அக்கா, எழுத்துப் பிழை இல்லாம இருந்தா சரி" என்பாள்.

அப்படி இருந்தவளிடம்தான் ஜெயராஜ் வந்து சேர்ந்தார்.

கிள்ளானில் அவருக்கு அச்சுக்கடை. நாற்பது தாண்டிய பிரம்மச்சாரி. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருப்பார். சட்டைப் பையில் பேனா கசிந்த நீலக் கறை இருக்கும். அவர் கடையிலும் கம்ப்யூட்டர் உண்டு. அது விண்டோஸ். மவுஸுக்கு இரண்டு பட்டன். ஆனால் புனிதவதியின் தமிழ் எழுத்து அழகுக்கு அவருடையது பக்கத்தில் வராது என்பதால், பெரிய இடத்துக் கார்டுகளை ஃபிளாப்பி டிஸ்கெட்டில் போட்டுக்கொண்டு இங்கே வந்தார்.

முதல் நாள் நடந்ததை நான் என் ஜன்னலில் முழுசாகப் பார்த்தேன். டிஸ்கெட்டை அவள் மெக்கில் செருகினாள். திரையில் ஒரு சின்ன டிஸ்கெட் படம் வந்தது. வேலை முடிந்ததும் அந்தப் படத்தை மவுஸால் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மூலையிலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"அலமாக்! என்ன மிஸ் பண்ணுறீங்க?" என்று ஜெயராஜ் துள்ளி எழுந்தார். "டத்தோ வீட்டுக் கார்டு மிஸ் அது! குப்பையில போட்டுட்டீங்களே!"

புனிதவதி வலது உள்ளங்கையை மெக்கின் வாயருகே நீட்டி, இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். கோயிலில் பிரசாதம் வாங்குவது போலத்தான் எப்போதும் வாங்குவாள். மெக் 'கிர்ர்' என்று முனகி, டிஸ்கெட்டைத் தானாக வெளியே தள்ளி அவள் கையில் கொடுத்தது. அதை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க மிஸ்டர் ஜெயராஜ். எல்லாம் பத்திரமா இருக்கு."

"அப்ப குப்பைத் தொட்டி?"

"ஃபைலைப் போட்டா அழியும். டிஸ்கெட்டைப் போட்டா வெளிய வரும்."

"எடுக்குறதுக்கு ஒரு பட்டன் வெச்சிருக்கலாம்ல? என் கம்ப்யூட்டர்ல பட்டன் இருக்கு. அழுத்துனா டக்குன்னு வரும்."

"உள்ள வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போது அழுத்திட்டா? என் மெக் முடிச்சிட்டுத்தான் தரும். மரியாதை தெரிஞ்ச மெஷின்."

"குப்பையில போட்டுக் குடுக்குறது மரியாதையா?"

நியாயமான கேள்விதான். அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே வழக்கு. அவர் கிள்ளானிலிருந்து முறுக்கு வாங்கி வருவார், இவள் எதிர்க்கடையில் இரண்டு கோப்பி கட்டி வாங்கி வைத்திருப்பாள். முறுக்கைக் கடித்துக்கொண்டே சண்டை. திரையில் திறக்கும் ஜன்னலை மூட இடது மூலையா, வலது மூலையா? மெனு திரையின் உச்சியில் ஒரே இடத்தில் இருப்பது நல்லதா, அந்தந்த ஜன்னலோடு திரிவது நல்லதா?

"ரெண்டு பட்டன் இருந்தா எதை அழுத்துறதுன்னு யோசிக்கவே பாதி நாள் போயிடும்" என்பாள் இவள்.

"கடவுள் அஞ்சு விரல் குடுத்திருக்கார் மிஸ். நீங்க ஒண்ணை வெச்சுக்கிட்டே குடும்பம் நடத்துறீங்க" என்பார் அவர்.

குடும்பம் என்ற சொல் வந்ததும் இருவரும் முறுக்கை உற்றுப் பார்ப்பார்கள். நான் இந்தப் பக்கம் ஊசியில் நூல் கோப்பேன், கோத்த ஊசியிலேயே.

ஒருநாள் அவள் வங்கிக்குப் போயிருந்தபோது ஜெயராஜ் என் பக்கம் வந்து நின்றார். தைக்கக் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை.

"ரமணி அக்கா, மிஸ் புனிதத்துக்கிட்ட... நீங்க கொஞ்சம்..."

"கிள்ளான்ல முறுக்கு தீரட்டும்னு பார்த்துக்கிட்டு இருந்தீங்களா? எவ்வளவு நாளா காத்துக்கிட்டு இருக்கேன்!" என்றேன்.

அவளிடம் கேட்டேன். தரையைப் பார்த்தாள், மெக்கைப் பார்த்தாள், உறையைச் சரி செய்தாள். பிறகு "ஓம்" என்றாள். யாழ்ப்பாணத்தாருக்கு அதுதான் ஆமாம். வெளிநாட்டிலிருக்கும் மூத்த அண்ணனுக்குப் போன் போட்டாள். உன் விருப்பம் என்றார் அவர். சந்தோஷமாகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஜெயராஜ் பக்கம் ஒரு மலை இருந்தது. அவருடைய அக்கா சீதாலெட்சுமி. அப்பா தண்டவாளம் போட்ட தொழிலாளி. அம்மா சின்ன வயதிலேயே இறந்துபோக, அக்காதான் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டித் தம்பியைப் படிக்க வைத்தது. கல்யாணமாகிக் கணவனை இழந்த பிறகும் தம்பியோடுதான் இருக்கிறார். அந்த அக்கா சரி என்று சொல்லாமல் ஜெயராஜ் சட்டைகூட எடுக்க மாட்டார். அக்காவுக்கோ உள்ளுக்குள் ஒரு முள். சிலோன்காரர்கள் படித்த கிராணி வர்க்கம், நம்மைக் கீழாகத்தான் பார்ப்பார்கள் என்று. அவர் அப்பா போட்ட தண்டவாளத்தின்மேல்தான் இவள் அப்பாவின் ஆபீசே ஓடியது என்பது வேறு கதை.

நல்ல நாள் பார்த்துத் தட்டோடு எங்கள் கடைக்கே வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ. தட்டின் நடுவில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு டிஸ்கெட். ஜெயராஜ் தன் விண்டோஸில் இருவர் பெயரையும் போட்டுக் கார்டு செய்திருந்தார். முதல் கார்டைச் சாமி காலடியில் வைப்பது நம் வழக்கம். அச்சாவதற்கு முன்னாலேயே சீதாலெட்சுமி அந்த டிஸ்கெட்டைக் கிள்ளானில் பிள்ளையார் காலடியில் வைத்து, லேபிளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொண்டுவந்திருந்தார். நமக்கு அது டிஸ்கெட். அவருக்கு அது தம்பியின் கல்யாணப் பத்திரிகை.

"எடுத்துப் பாரும்மா. எழுத்து சரியா இருக்கான்னு நீதான் சொல்லணும்" என்று இரண்டு கையாலும் கொடுத்தார்.

புனிதவதி செருகினாள். மூலையில் டிஸ்கெட் படம் வந்தது, அதன் கீழே ஆங்கில எழுத்தில் 'கல்யாணம்'. அதைத் திறந்தாள். திரை முழுவதும் கார்டு. தம்பியின் பெயரைப் பார்த்து சீதாலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் தன் பெயரைப் பார்த்து இவளுக்கும் கண் கலங்கியது. முதல் தடவையாகத் தன் பெயரைக் கார்டில் பார்க்கிறாள் அல்லவா? எனக்கும் மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது. மூன்று பெண்களும் அழுதால் நல்ல சகுனம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்டை மூடிவிட்டு, டிஸ்கெட்டைப் பெரியவர் கையில் மரியாதையாகத் திருப்பிக் கொடுக்க நினைத்தாள் புனிதவதி. நல்ல எண்ணம்தான். 'கல்யாணம்' என்ற படத்தைப் பிடித்தாள். இழுத்தாள். குப்பைத் தொட்டியில் போட்டாள்.

சீதாலெட்சுமி எழுந்தார். தம்பி கடையில் தினமும் உட்கார்ந்திருப்பவர் அவர். அந்தத் தொட்டி எதற்கு என்று அவருக்குத் தெரியும். அதில் போட்டால் 'போச்சு அக்கா' என்று ஜெயராஜ் சொல்வார்.

"குப்பையிலயா போட்ட?"

"இல்ல அக்கா, இதுல போட்டாத்தான் வெளிய வரும்..."

"எந்த ஊர்லம்மா குப்பையில போட்டுத் திருப்பிக் குடுப்பாங்க? சாமி பாதத்துல வெச்சுக் கொண்டாந்தேன்! எங்கப்பா தண்டவாளம் போட்டவருதான். அதுக்காக எந்தம்பி பேரைக் குப்பையில போடுறதா?"

"அக்கா, இந்த மெஷின்ல அப்படித்தான் அக்கா. நானே முதல்ல கத்தினேன்" என்றார் ஜெயராஜ்.

"நீ பேசாத. இன்னும் தாலியே ஏறல, அதுக்குள்ள வக்காலத்து."

அந்த நேரம் பார்த்து மெக், நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுவது போல டிஸ்கெட்டை வெளியே தள்ளியது. ஆனால் புனிதவதி கையை நீட்டும் நிலையில் இல்லை. சீதாலெட்சுமி டிஸ்கெட்டைத் தானே வெடுக்கென்று பிடுங்கி, மஞ்சள் துணியில் சுற்றி, தட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். ஜெயராஜ் அக்காவைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், அக்காவின் பின்னால் போனார்.

உண்மையைச் சொன்னால், இதில் நான் சீதாலெட்சுமி பக்கம்தான். பத்திரமாகக் கொடு என்பதற்குக் குப்பையில் போடு என்று வைத்தவன் எவனோ, அவன் வீட்டுக்கு ஒரு பெண் பார்க்கும் தட்டு வந்திருந்தால் அப்படி வைத்திருக்க மாட்டான். ஆனால் புனிதவதியிடம் இதைச் சொல்ல முடியுமா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள்.

"போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளேன்" என்றேன்.

"பிழை செய்தாத்தானே மன்னிப்பு?"

"பெரியவங்க மனசு நோகுது."

"நோகட்டும். என் மெக்ல அப்படித்தான்."

வெள்ளிக்கிழமை வந்தது, ஜெயராஜ் வரவில்லை. எனக்குப் போன் செய்தார்.

"அக்கா சம்மதிக்காம நான் தாலி எடுக்க மாட்டேன், ரமணி அக்கா. மிஸ் புனிதத்தைத் தவிர வேற யாரையும் கட்டவும் மாட்டேன்."

"ரெண்டையும் ஒண்ணா சொன்னா எப்படி லா? நடுவுல அவ என்ன பண்ணுவா?"



புனிதவதி வேலையைக் குறைக்கவில்லை. ஆனால் முன்பு கார்டு அடிக்கும்போது ஏதாவது முணுமுணுத்துப் பாடுவாள், அது நின்றுபோனது. ஜன்னலில் நான் பார்ப்பது தெரிந்தும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு கிள்ளானிலிருந்து சீதாலெட்சுமி ஒரு சொல் அனுப்பினார், ஜெயராஜ் வாயால், போன் வழியாக. அந்தக் குப்பை மெஷினில் செய்த கார்டு வேண்டாம். நம் கடைக்கு வரட்டும். நம் மெஷினில், என் கண் முன்னால், அவள் கையாலேயே இரண்டு பேர் பெயரையும் அடிக்கட்டும். தம்பி பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. மனசில் மரியாதை இருக்கிறதா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியும்.

"ரெண்டு பட்டன் மவுஸையா? நானா?" என்று புனிதவதி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்பாதியில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மேசையில் இரண்டு பொட்டலம் கோப்பி. பழக்கத்தில் இரண்டு வாங்கிவிட்டாள். தன்னுடையதையும் குடிக்காமல் இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரமணி அக்கா" என்றாள் ஜன்னலைப் பார்த்து. "எனக்கு அந்த மனுசன் வேணும்."

இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு வேண்டும் என்று எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கம்ப்யூட்டரைக்கூட சொல்லாமல்தான் எடுத்துவந்தாள். நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு, "கிளம்பு" என்றேன்.

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போனோம். வழியெல்லாம் வலது கை விரல்களைத் தொடையில் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆள்காட்டி விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். எதிரில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் அவள் மிருதங்கம் படிக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

அச்சுக்கடையில் சீதாலெட்சுமி தயாராக இருந்தார். விளக்கேற்றி, கம்ப்யூட்டருக்கு விபூதி பூசி, மவுஸின் இரண்டு பட்டனுக்கும் இரண்டு பொட்டு வைத்திருந்தார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜெயராஜை வாசற்படியில் நிற்க வைத்தார்.

"வாய் திறந்த, நடக்குறது வேற" என்றார் தம்பியிடம்.

மஞ்சள் தடவிய அதே டிஸ்கெட்தான் செருகியிருந்தது. பழைய கார்டை அழித்துவிட்டு, 'கல்யாணம்' என்ற பெயரில் ஒரு மஞ்சள் உறையை, அதாவது ஃபோல்டரை, மட்டும் அதில் வைத்திருந்தார் ஜெயராஜ். செய்யும் கார்டை அதற்குள் போட வேண்டும்.

புனிதவதி மவுஸைத் தொட்டாள். பொட்டு அழியக்கூடாதே என்று விரலை ஓரமாக வைத்ததில் வலது பட்டன் அமுங்கியது. எங்கிருந்தோ ஒரு பட்டியல் வந்து விழுந்தது. அதை விரட்ட மறுபடி அழுத்தினாள், இன்னொரு பட்டியல். மெனுவைத் தேடித் திரையின் உச்சிக்குப் போனாள், அது ஜன்னலோடு கீழே கிடந்தது. எதையோ பெரிதாக்கப் போய் எல்லாவற்றையும் மூடினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் அதுகூடச் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி மறுபடி திறந்தாள். வாசற்படியில் ஜெயராஜின் விரல்கள் தாமாகத் துடித்தன. அவர் வாய் 'இடது, இடது' என்று சத்தமில்லாமல் அசைந்தது. சீதாலெட்சுமி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அதுவும் நின்றது.

முதலில் ஜெயராஜின் பெயரை அடித்தாள். பிறகு தன் பெயர். 'ஜெ'வின் கொம்பு சரியாக உட்காரவில்லை என்று அதை மட்டும் திரும்பத் திரும்பத் திருத்தினாள். தன் பெயரை அப்படித் திருத்தவில்லை. இதை சீதாலெட்சுமியும் கவனித்தார் என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் அவர் முக்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டார்.

முடித்து, அந்த மஞ்சள் உறைக்குள் சேர்த்துவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் சீதாலெட்சுமி, வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொள்வது போல. "சரி, டிஸ்கெட்டை எடுத்துக் குடு. சாமிகிட்ட வைக்கணும்."

எடுத்துக் கொடு என்று சொன்னதும் அவள் கை பழகிய வழியில் போய்விட்டது. திரையில் 'கல்யாணம்' என்று ஒன்று தெரிந்தது. அதைப் பிடித்தாள். குப்பைத் தொட்டியைத் தேடினாள். இந்த மெஷினில் அது மேலே இருந்தது. அங்கே கொண்டுபோய்ப் போட்டாள்.

ஜெயராஜ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஒரு பெட்டி தோன்றி, நிஜமாகவே இதை அழிக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. மெக் இப்படியெல்லாம் கேட்காது. ஆனால் பெரியவர் டிஸ்கெட்டை எடு என்று சொல்லியிருக்கும்போது மெஷின் என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதானே? "ஓம்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.

பிறகு வலது உள்ளங்கையை டிஸ்கெட் வாயருகே நீட்டினாள். இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். காத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் 'கிரீச்' என்று கொஞ்சம் சத்தம் போட்டு அடங்கியது. ஒன்றும் வரவில்லை. அவள் கையை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

சீதாலெட்சுமி திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை ஏம்மா நீட்டிக்கிட்டு இருக்க?"

"டிஸ்கெட் வரும் அக்கா."

"எங்கேருந்து?"

"குப்பையில போட்டேனே. இப்ப வந்துடும். வந்ததும் உங்க கையில தரேன்."

சீதாலெட்சுமியின் முகம் எப்படியோ ஆனது. அழப்போகிறாரா, அறையப்போகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவர் சிரித்தார். முதலில் மூக்கு வழியாக, பிறகு வயிறு குலுங்க, கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைக்கும் அளவுக்கு.

"அடிப்பாவி மகளே!" என்றார். "நெசமாவே வரும்னு நெனைச்சுத்தான் போடுறியா? அன்னைக்கும் இப்படித்தான் எனக்குக் குடுக்கத்தான் போட்டியா?"

"ஓம் அக்கா. அதைத்தானே சொன்னேன்."

"சொன்னா யாரு நம்புவா?"

பொய் சொல்கிறவள் இரண்டாவது தடவை இப்படிக் கையேந்திக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள். மெக்கின் நியாயத்தை ஜெயராஜ் சொல்லி நம்பாதவர், நான் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். அந்தக் கையை நம்பினார்.

"அக்கா," என்று வாசற்படியிலிருந்து ஜெயராஜ் மெல்ல இழுத்தார். "இந்த மெஷின்ல அது அழிஞ்சே போச்சு அக்கா. டிஸ்கெட்ல இருந்து குப்பைக்குப் போனது திரும்பக்கூட வராது."

புனிதவதி அப்போதுதான் திரையைப் பார்த்தாள். மஞ்சள் உறை இருந்த இடம் காலி. இரண்டு பெயரும் இல்லை. நீட்டிய கையை மடக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே குப்பையில் போட்டுவிட்டோம் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

சீதாலெட்சுமி முக்காலியிலிருந்து எழுந்தார். குனிந்து, கம்ப்யூட்டர் முகத்திலிருந்த சின்னப் பட்டனைக் கட்டை விரலால் அழுத்தினார். டக்கென்று டிஸ்கெட் வெளியே வந்தது. அதை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார்.

"எங்க வீட்டுல பட்டன் இருக்கும்மா. அழுத்தித்தான் எடுக்கணும்" என்றார். "அழாத. போனா மறுபடி அடிச்சுக்கலாம். டேய், அங்க என்ன தூணு மாதிரி நிக்குற? வந்து பக்கத்துல உக்காரு. அவளுக்கு எதை அழுத்தணும்னு சொல்லு."

ஒன்றுமே இல்லாத அந்த டிஸ்கெட்டைத்தான் அன்று சாமி படத்தின்முன் வைத்தார். சாமிக்கு உள்ளே பார்க்கும் வழக்கம் இல்லை என்று நான் முணுமுணுத்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

தைப்பூசம் கழிந்து ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலில் கல்யாணம். பெண்ணின் ரவிக்கை என் கைவேலை, கூலி வாங்கவில்லை என்பதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கார்டு யார் மெஷினில் செய்தது என்று கேட்டவர்களுக்கு இருவரும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

இப்போது எங்கள் கடையின் பின்பாதியில் இரண்டு கம்ப்யூட்டர். செவ்வாயும் வெள்ளியும் ஜெயராஜ் இங்கேயே உட்கார்ந்து வேலை செய்கிறார். சண்டையும் குறையவில்லை. இன்னும் அவள் 'மிஸ்டர் ஜெயராஜ்' என்றுதான் கூப்பிடுகிறாள், அவரும் 'மிஸ்' என்கிறார், ஏதோ நேற்றுத்தான் பார்த்துக்கொண்டவர்கள் மாதிரி. ஆயுத பூஜைக்கு சீதாலெட்சுமி வந்து மூன்று பட்டனுக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போகிறார்.

அவருடைய விண்டோஸில் அவள் வேலை செய்து முடித்தால், இன்றைக்கும் டிஸ்கெட் வாயருகே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். ஜெயராஜ் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, பட்டனை அழுத்தி, டிஸ்கெட்டை அவள் கையில் வைப்பார். "மிஸ், எத்தனை தடவை சொல்றது, பட்டன் இங்க இருக்கு" என்பார். "ஓம், மறந்துபோச்சு" என்பாள்.

மறக்கவெல்லாம் இல்லை. அவர் கிள்ளானில் இருக்கும் நாட்களில் அவளே டக்கென்று அழுத்தி எடுத்துக்கொள்கிறாள். என் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது.